வாயு மறைத்த கணையம்

திருவாதவூரில் என் சித்தப்பா வீட்டு அலமாரியில் ஒரு மஞ்சள் பை இருக்கிறது. அதற்குள் மூன்று வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டுகள். ஒன்றரை வருடத்துக்குள் எடுத்தவை. மூன்றிலும் கல்லீரல், பித்தப்பை, மண்ணீரல், சிறுநீரகங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரி. கணையத்துக்கும் ஒரு வரி உண்டு. குடலில் உள்ள வாயு மறைப்பதால் கணையம் சரியாகத் தெரியவில்லை என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் இருந்த அந்த வரியில் வீட்டில் எல்லாருக்கும் புரிந்த ஒரே சொல் ‘கேஸ்’.

“கேஸுதானாம், பயப்பட ஒண்ணுமில்லையாம்” என்று சித்தி அக்கம்பக்கத்தில் சொல்லி நிம்மதியடைந்தார். சித்தப்பா கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். சாப்பிட்டதும் மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் வலி நிற்கவில்லை. சட்டை தொளதொளத்தது. பிறகு சர்க்கரை நோயும் வந்தது. நான்காவது முறை வேறொரு மருத்துவர் அந்த வரியைப் படித்துவிட்டு, “இதுல கணையத்தை யாருமே பாக்கலையே” என்றார். மருந்து போட்டு எடுத்த சி.டி. ஸ்கேனில் கணையம் நெடுக வெள்ளை வெள்ளையாகக் கற்கள்.

தெரியவில்லை என்ற சொல்லை ஒன்றுமில்லை என்று வாசித்ததால் போன காலம் அந்த ஒன்றரை வருடம். வயிற்று நோய்களுக்கு, குறிப்பாகக் கணைய நோய்க்கு, எந்தப் படம் எதைக் காட்டும், எதைக் காட்டாது, எப்போது எடுக்க வேண்டும் என்பதைத் தொகுத்துப் பார்க்க என்னைத் தூண்டியது அந்த மஞ்சள் பைதான். நவீனக் கருவிகளின் பெருமையைப் பேசும் கட்டுரைகள் நிறைய உண்டு. மதுரையிலிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேலே, மேலூர் வட்டத்தில் இருக்கும் ஓர் ஊரிலிருந்து பார்க்கும்போது கேள்வி வேறு மாதிரி எழுகிறது: கணையத்தைக் கண்ணால் பார்த்தார்களா, இல்லையா?

கணையம் பார்க்கக் கடினமான உறுப்பு. ஏறத்தாழ 15 செ.மீ. நீளம், நூறு கிராமுக்கும் குறைவான எடை. இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகப் படுத்திருக்கிறது. முன்னால் இரைப்பையும் பெருங்குடலும் காற்றோடு நிற்கின்றன. கையால் அழுத்திப் பார்த்தாலும் அகப்படாது. அதனால்தான் கணைய வலி முதுகு வலியாகவும் அல்சராகவும் கிட்னிக் கல்லாகவும் வேடம் போடுகிறது. எங்கள் பக்கத்தில் இதற்கு இன்னும் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று குடலேற்றம். மற்றொன்று தொக்கம். சாப்பிட்டது உள்ளே சிக்கிக்கொண்டது என்று தொக்கம் எடுப்பவரிடம் போவார்கள். சனீஸ்வரனே வாத நோய் தீர வழிபட்ட தலம் என்று திருமறைநாதர் கோயிலுக்கு வெளியூரிலிருந்தும் வருகிற ஊர் எங்களுடையது. நோயோடு வருகிறவர்களைப் பார்த்தே வளர்ந்த எனக்கு இந்த நம்பிக்கைகள் மீது கோபமில்லை. ஆனால் கணைய வலிக்கென்று ஓர் அடையாளம் இருக்கிறது. அதை ஊரில் எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மல்லாந்து படுத்தால் வலி கூடும். முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் மட்டுப்படும். சித்தப்பா திண்ணையில் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார். அதைக் களைப்பு என்று நினைத்தோம்.

முதலில் எக்ஸ்ரே. இன்றைய மருத்துவத்தில் வயிற்று எக்ஸ்ரேக்கு மதிப்புக் குறைவு. குடல் ஓட்டை, குடல் அடைப்பு போன்ற அவசரங்களுக்குத்தான் எடுக்கிறார்கள். ஆனால் தென்னிந்தியாவின் கணைய நோய் வரலாறு எழுதப்பட்டதே எக்ஸ்ரே பிலிமின் மேல்தான். ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டது 1895-இல். சென்னையில் பர்னார்டு கதிரியக்க நிலையம் 1934-இல் தொடங்கியது. 1959-இல் இந்தோனேசியாவில் பணிபுரிந்த சூடெமா என்ற மருத்துவர், ஊட்டம் குறைந்த ஏழை நோயாளிகளிடம் கணையக் கற்களும் சர்க்கரை நோயும் சேர்ந்திருப்பதைப் பதிவு செய்தார். கேரளத்தில் கீவர்கீஸ் அதே நோயை நூற்றுக்கணக்கானவர்களிடம் கண்டு வாழ்நாள் ஆய்வாகவே செய்தார். சென்னையில் எம். விஸ்வநாதன், வி. மோகன் ஆகியோரின் குழு இந்தக் கணையச் சர்க்கரை நோயைத் தொடர்ந்து ஆராய்ந்தது. சிறு வயதில் வயிற்று வலி, இளமையில் சர்க்கரை, எக்ஸ்ரேயில் இடுப்பு முதுகெலும்பின் முதல் இரண்டு எலும்புகளின் மட்டத்தில் பெரிய பெரிய கற்கள். குடியே அறியாத பிள்ளைகளுக்கும் வந்த இந்த நோய்க்கு வெப்பமண்டலக் கணைய அழற்சி என்று பெயர் வைத்தார்கள்.

மரவள்ளிக் கிழங்குதான் காரணம் என்று நீண்ட நாள் நம்பப்பட்டது. கிழங்கே சாப்பிடாத பகுதிகளிலும் நோய் தென்பட்டதால் அந்த வாதம் தளர்ந்தது. 2000-களின் தொடக்கத்தில் ஸ்பிங்க்-1 என்ற மரபணுவில் உள்ள மாற்றம் இந்த நோயாளிகள் பலரிடம் இருப்பது தெரியவந்தது. உலக சுகாதார நிறுவனம் 1985-இல் ஊட்டக்குறைவுச் சர்க்கரை நோய் என்ற தனி வகையின் கீழ் இதை வைத்தது. 1999-இல் அந்த வகையையே நீக்கி, கணையக் கோளாறால் வரும் சர்க்கரை நோய்களோடு சேர்த்துவிட்டது. கொச்சியின் வி. பாலகிருஷ்ணன் தலைமையில் நாடு முழுக்க 1,086 நாள்பட்ட கணைய நோயாளிகளை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட முடிவில், காரணம் தெரியாதவர்கள் ஏறத்தாழ 60 விழுக்காடு, குடியால் வந்தவர்கள் ஏறத்தாழ 39 விழுக்காடு. பழைய இலக்கணப்படியான வெப்பமண்டல வகை 4 விழுக்காட்டுக்கும் கீழே. நோயின் முகம் மாறிவிட்டது. தமிழ்நாட்டில் 2003 முதல் மதுச் சில்லறை விற்பனையை டாஸ்மாக் நடத்துகிறது. எங்கள் வட்டாரத்தில் நாற்பது வயதுக்குள் மேல்வயிற்று வலியோடு ஒருவர் வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

படத்திலேயே இந்த வேறுபாடு ஓரளவு தெரியும். வெப்பமண்டல வகையில் கற்கள் பெரிதாக, முதன்மை நாளத்துக்குள் இருக்கும். குடியால் வரும் வகையில் கற்கள் சிறுசிறு புள்ளிகளாக, கிளை நாளங்களில் சிதறியிருக்கும். சித்தப்பா குடிக்காதவர், அவருடைய கற்கள் பெரியவை. ஒரு சாதாரண எக்ஸ்ரே முதல் மாதத்திலேயே அவற்றைக் காட்டியிருக்கும் என்று பிறகு அந்த மருத்துவர் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. விலை மலிந்த பழைய கருவி என்பதால் யாரும் அதை நினைக்கவில்லை.

அடுத்தது அல்ட்ரா சவுண்ட். கிளாஸ்கோவில் இயன் டொனால்டு 1958-இல் வயிற்றுக்குள் இருப்பதை ஒலியலையால் பார்க்கலாம் என்று காட்டிய நாளிலிருந்து இதுதான் ஏழைகளின் ஸ்கேன். கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை. பித்தப்பைக் கல்லுக்கு இதற்கு நிகரான கருவி கிடையாது. நூறு கற்களில் தொண்ணூற்றைந்துக்கு மேல் பிடித்துவிடும். கணைய அழற்சிக்குப் பித்தப்பைக் கல் ஒரு பெரிய காரணம் என்பதால், வலியோடு வரும் எவருக்கும் முதல் நாளே அல்ட்ரா சவுண்ட் எடுப்பது சரியான வழி. சிக்கல் காற்றில்தான். ஒலியலை காற்றைத் தாண்டாது. குடலில் வாயு நிறைந்திருந்தால் அதற்குப் பின்னால் உள்ள கணையம் திரை போட்டது போல் மறைந்துவிடும். பருத்த உடம்பிலும் இதே கதைதான்.

திரையை விலக்க வழிகள் இருக்கின்றன. இரவு முழுக்கப் பட்டினி கிடந்து காலையில் வரச் சொல்லலாம். ஸ்கேனுக்கு முன் தண்ணீர் குடிக்கச் சொன்னால் நீர் நிரம்பிய இரைப்பையே ஒரு ஜன்னலாகிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்தும் நிமிர்ந்து உட்காரவைத்தும் கருவியைச் சற்று அழுத்திப் பார்த்தால் வாயு நகரும். இதற்கெல்லாம் கூடுதலாகச் சில நிமிடங்கள் வேண்டும். வெளியே நாற்பது பேர் காத்திருக்கும் அறையில் அந்த நிமிடங்கள் கிடைப்பதில்லை. ஸ்கேன் எடுக்கிற மருத்துவரைக் குறை சொல்வதைவிட அவருக்கு நேரம் கொடுக்காத ஏற்பாட்டைத்தான் குறை சொல்ல வேண்டும்.

மதுரை மாவட்டத்தில் அல்ட்ரா சவுண்ட் என்றதும் நினைவுக்கு வரும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1980-களில் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் சிசுக்கொலைகள் நாட்டையே உலுக்கின. கருவிலேயே பாலினம் பார்த்து அழிக்கும் கொடுமையைத் தடுக்க 1994-இல் சட்டம் வந்தது. 2003-இல் அது இன்னும் இறுக்கப்பட்டது. அதன்படி எந்த உறுப்பைப் பார்ப்பதற்கானாலும் ஸ்கேன் கருவி இருக்கும் இடத்தைப் பதிவு செய்ய வேண்டும். தகுதி பெற்றவர்தான் இயக்க வேண்டும். நினைத்த இடத்துக்குத் தூக்கிச் செல்ல முடியாது. இந்தச் சட்டம் தேவை. அதைத் தளர்த்தச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் கிராமத்துக்குப் பக்கத்தில் வயிற்று ஸ்கேன் எளிதில் வராமல் போனதில் அதற்கும் பங்கு உண்டு. ஊரில் ‘ஸ்கேன்’ என்றால் இன்னும் கர்ப்பிணிகள் எடுப்பதுதான். சட்டத்தைக் காத்துக்கொண்டே, பயிற்சி பெற்ற மருத்துவரோடு வட்டார மருத்துவமனைகளில் வயிற்று ஸ்கேனைப் பரவலாக்க வேண்டும். செய்யக்கூடிய காரியம்தான்.

இனி சி.டி. முதல் நோயாளியின் தலை 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் படமாக்கப்பட்டது. அந்தக் கருவியை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டும், கணித அடிப்படையைத் தந்த கார்மாக்கும் 1979-இல் நோபல் பரிசு பெற்றார்கள். சில ஆண்டுகளில் கருவி தலையிலிருந்து வயிற்றுக்கு இறங்கியது. கணையத்தைப் பொறுத்தவரை அது ஒரு புரட்சி. வாயு இனி மறைக்க முடியாது.

ஆனால் சி.டி. எடுத்தாயிற்று என்பதோடு பேச்சு முடிவதில்லை. எப்படி எடுத்தார்கள் என்று கேட்க வேண்டும். கணையத்துக்கான சி.டி.யில் கையில் தடித்த ஊசி போட்டு அயோடின் கலந்த மருந்தை வேகமாகச் செலுத்துவார்கள். மருந்து போகத் தொடங்கி ஏறத்தாழ 40 நொடியில் கணையம் பளிச்சென்று ஒளிரும். அப்போது ஒரு படம். ஏறத்தாழ 70 நொடியில் கல்லீரலும் சிரைகளும் ஒளிரும், அப்போது இன்னொன்று. கணையப் புற்றுநோய்க் கட்டிக்கு இரத்த ஓட்டம் குறைவு. எனவே ஒளிரும் கணையத்துக்குள் அது மங்கலான நிழலாகத் தெரியும். மருந்து போடாமல் எடுத்தாலோ, நேரம் தவறினாலோ சிறு கட்டி கணையத்தின் நிறத்திலேயே கரைந்துபோகும். செலவு குறையும் என்று மருந்து போடாத சி.டி.யைக் கேட்டு வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கல்லைத் தேட அது போதும். கட்டியைத் தேடப் போதாது.

கதிர்வீச்சு பற்றிய பயத்துக்கும் அளவு வேண்டும். ஒரு வயிற்று சி.டி.யில் கிடைப்பது சுமார் 8 முதல் 10 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் மனிதன் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 வாங்குகிறான். மூன்று நான்கு ஆண்டுப் பங்கு ஒரே நாளில் வருகிறது. காரணம் இருந்தால் தயங்க வேண்டாம். காரணமில்லாமல் மாதம் ஒன்று எடுக்கவும் வேண்டாம். மருந்தைப் பொறுத்தவரை சிறுநீரகம்தான் கவனிக்க வேண்டியது. எங்கள் பக்கம் வயலில் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்க்கிறவர்கள் நேராக ஸ்கேன் மேசைக்கு வருவார்கள். சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினினைப் பார்க்காமல், உடம்பில் நீர் ஏற்றாமல் மருந்து செலுத்தினால் சிறுநீரகம் பழுதடையக்கூடும்.

திடீர்க் கணைய அழற்சியில் இன்னொரு தவறு அடிக்கடி நடக்கிறது. வலி தொடங்கிய அன்றே சி.டி. எடுத்துவிடுகிறார்கள். இந்த நோயை உறுதி செய்ய மூன்று சான்றுகளில் இரண்டு போதும்: கணையத்துக்கே உரிய வலி, இரத்தத்தில் லைபேஸ் அல்லது அமைலேஸ் நொதி இயல்பைப் போல் மும்மடங்குக்கு மேல் இருப்பது, படம். முதல் இரண்டும் இருந்தால் முதல் நாளில் சி.டி. தேவையில்லை. அழற்சியில் கணையத்தின் எந்தப் பகுதி உயிரிழந்தது என்பது படத்தில் தெளிவாகத் தெரிய மூன்று நான்கு நாள் ஆகும். முதல் நாள் எடுத்தால் நோய் லேசானது போலத் தோன்றும். பிறகு ஐந்தாம் நாள் நோயாளி மோசமாகும்போது மறுபடி எடுக்க வேண்டும். அதற்குள் கையில் இருந்த காசு தீர்ந்திருக்கும். நோயின் கடுமையை சி.டி.யில் அளக்கும் முறையை 1985-இல் பல்தசார் வகுத்தார். 1990-இல் அது பத்து மதிப்பெண் அளவாக வளர்ந்தது. 2012-இல் திருத்தப்பட்ட அட்லாண்டா வகைப்பாடு, கணையத்தைச் சுற்றித் தேங்கும் நீரை நான்கு வாரத்துக்கு முன், பின் என்று பிரித்துப் பெயரிட்டது. அவசரப்பட்டு ஊசி குத்தி வெளியேற்றாமல் உறை பிடிக்கும் வரை காத்திருக்கலாமா என்று முடிவெடுக்க இந்தப் பிரிவு உதவுகிறது.

எம்.ஆர்.ஐ.யின் ஒரு வகையான எம்.ஆர்.சி.பி. 1990-களில் பரவலானது. ஊசி இல்லாமலே, அசையாமல் தேங்கியிருக்கும் பித்தநீரையும் கணையநீரையும் வெள்ளையாகக் காட்டும்; நாளங்கள் மரக்கிளை போலத் தெரியும். நாளம் எங்கே சுருங்கியது, எங்கே விரிந்தது, பித்த நாளத்தில் கல் தங்கியிருக்கிறதா என்பதற்கு இது நல்ல படம். மஞ்சள் காமாலையோடு வருகிறவரிடம் பித்த நாளமும் கணைய நாளமும் இரண்டுமே வீங்கியிருந்தால், கணையத் தலையில் ஏதோ அடைக்கிறது என்று உடனே சந்தேகப்பட வேண்டும். காமாலைக்கு மூன்று வாரம் கீழாநெல்லி கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்கும் வீடுகளில் இழக்கப்படுவது அறுவைக்கான காலம். கணையப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படும்போது ஐந்தில் ஒருவருக்குத்தான், அதுவும் நன்றாகப் போனால், கட்டியை அறுத்தெடுக்க முடிகிறது.

வாய் வழியாகக் குழாய் விட்டு நாளத்துக்குள் மருந்து செலுத்தும் ஈ.ஆர்.சி.பி. 1968-இல் வந்தது. அதுவே கணைய அழற்சியைக் கிளப்பிவிடக்கூடும் என்பதால் இன்று வெறும் பார்வைக்கு அதைச் செய்வதில்லை. கல்லை எடுக்கவும் அடைப்பை நீக்கவும்தான். அதன் இடத்தை நிரப்பியது எண்டோஸ்கோப்பின் நுனியில் அல்ட்ரா சவுண்ட் பொருத்திய கருவி. இரைப்பைக்குள்ளேயே போய் நின்று கணையத்தைப் பக்கத்தில் பார்க்கிறது. வாயுவுக்குப் பின்னால் நிற்கும் பழைய தொல்லை இங்கே இல்லை. மெல்லிய ஊசியால் சதைத் துணுக்கும் எடுக்கலாம்.

இந்தியாவில் அந்தத் துணுக்குக்குத் தனி மதிப்பு உண்டு. உலகின் காசநோயில் ஏறத்தாழ கால் பங்கு நம் நாட்டில்தான். காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை. கணையத்திலும் அதைச் சுற்றிய நெறிக்கட்டிகளிலும் வந்து, படத்தில் புற்றுநோயைப் போலவே காட்சி தரும். ஐரோப்பிய நாட்டில் அதே படத்தைப் பார்க்கும் மருத்துவர் காசநோயை நினைக்காமல் போகலாம். இங்கே அப்படிச் செய்தால் ஆறு மாத மாத்திரையில் குணமாகும் ஒருவர் கணையத்தையே இழக்கும் பெரிய அறுவைக்குப் போய்விடுவார், அல்லது ‘ஒன்றும் செய்ய முடியாது’ என்று வீட்டுக்கு அனுப்பப்படுவார். படம் நிழலைத்தான் காட்டும். நிழலுக்குப் பெயர் வைக்க அந்த மண்ணின் நோய்கள் தெரிந்திருக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு, மருந்து போடாத சி.டி.யிலேயே கணையப் புற்றைக் கண்டறியும் சீன ஆய்வு ஒன்று 2023-இல் வெளிவந்து பெரிதாகப் பேசப்பட்டது. எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. நம் மக்களின் காசநோயையும் கணையக் கற்களையும் பார்த்துப் பழகிய பிறகே அதன் தீர்ப்பை இங்கே ஏற்க வேண்டும் என்பதிலும் உறுதியாக இருக்கிறேன்.

யாருக்கு எடுப்பது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. வயிறு வலிக்கும் எல்லாருக்கும் சி.டி. எடுக்க முடியாது, தேவையும் இல்லை. ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை நோய் வந்து, கூடவே எடையும் குறைந்தால் கணையத்தைப் பார்க்க வேண்டும். புதிதாகச் சர்க்கரை வந்த அந்த வயதினரில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு மூன்று ஆண்டுக்குள் கணையப் புற்று வெளிப்படுவதாக ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. இளவயதில் சர்க்கரை, பழைய வயிற்று வலி, ஒல்லியான உடம்பு, எண்ணெய் மிதக்கும் மலம் என்று வருகிறவருக்கு முதலில் ஒரு எக்ஸ்ரே. முதுகுக்குப் பாயும் வலியோடு, கணையம் தெரியவில்லை என்ற ரிப்போர்ட்டோடு வருகிறவருக்கு அடுத்த படம் கட்டாயம். இந்த மூன்று பேரையும் தவறவிடாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

காசு பற்றி ஊரில் இருக்கும் பயம் முழுக்க நியாயமானதல்ல. மேலூர் அரசு மருத்துவமனையிலிருந்து கோரிப்பாளையத்துக்குப் பக்கத்தில் உள்ள பெரியாஸ்பத்திரிக்கு, அதாவது அரசு இராசாசி மருத்துவமனைக்கு, பஸ் ஏறினால் போதும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளில் நடத்தும் மையங்களில் சாதாரண சி.டி.க்கு 500 ரூபாயும் எம்.ஆர்.ஐ.க்கு 2,500 ரூபாயும் என்ற அளவில்தான் கட்டணம் வைத்தார்கள். 2009-இல் தொடங்கி 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறிய ஏற்பாட்டின் அட்டை வீட்டில் இருந்தால் செலவு இன்னும் குறையும். எங்கள் ஊர்க்காரர்களைத் தடுப்பது கட்டணத்தைவிட வேறு ஒன்று: ஒரு நாள் கூலி, கூட வருகிறவரின் ஒரு நாள் கூலி, எந்த ஜன்னலில் எந்தச் சீட்டைக் கொடுப்பது என்ற குழப்பம், முந்தைய பிலிமை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்ததால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும் அலைச்சல். பிலிமில் சில படங்கள்தான் இருக்கும். எல்லாப் படமும் குறுந்தகட்டில்தான் இருக்கும். அதையும் கேட்டு வாங்கி அதே மஞ்சள் பையில் வைக்க வேண்டும்.

அனுப்பும் மருத்துவரும் ஒரு வரி கூடுதலாக எழுத வேண்டும். ‘வயிற்று வலி’ என்று மட்டும் சீட்டில் எழுதினால் ஸ்கேன் அறையில் இருப்பவர் பொதுவாகப் பார்ப்பார். ‘முதுகுக்குப் பாயும் வலி, பத்துக் கிலோ எடை குறைவு, புதிய சர்க்கரை, கணையத்தில் கல்லா கட்டியா’ என்று எழுதினால் அவர் தண்ணீர் குடிக்கச் சொல்லி, புரட்டிப் போட்டுப் பார்ப்பார். முடியாவிட்டால், முடியவில்லை, சி.டி. எடுங்கள் என்று எழுதுவார். ரிப்போர்ட்டின் அடியில் தமிழில் ஒரு வரி இருந்தால் இன்னும் நல்லது: கணையம் பார்க்கப்பட்டது, அல்லது கணையம் பார்க்கப்படவில்லை.

சித்தப்பா இப்போது இன்சுலின் போட்டுக்கொள்கிறார். சாப்பாட்டோடு செரிமான நொதி மாத்திரையும் உண்டு. நாளத்தை அடைத்திருந்த பெரிய கல்லை அதிர்வலையால் உடைத்து எடுத்தார்கள். சென்ற மாதம் மறுபரிசோதனைக்கு நானும் கூடப் போனேன். அங்கே ஸ்கேன் எடுத்த பெண் மருத்துவர் சித்தப்பாவை அரை லிட்டர் தண்ணீர் குடிக்கவைத்து, “அய்யா, இடப்பக்கம் திரும்புங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க” என்று பொறுமையாகப் பார்த்தார். திரும்பும் வழியில், பஸ் ஒத்தக்கடை தாண்டியதும், சித்தப்பா பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். “அந்தக் கணைய வரியை மட்டும் வாசிப்பா” என்றார். இந்த முறை அங்கே நான்கு வரிகள் இருந்தன.